பெரிய பிளானைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

தம்பி,

இந்தக் கடிதத்தை ஆபீசில் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், கைகால் கழுவிவிட்டு, நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. நீ ஹாஸ்டலில் இருந்தபோது உனக்குக் கடிதம் எழுதியது, அதற்கப்புறம் பேனாவை எடுப்பது இப்போதுதான். முதலில் வாட்ஸ்ஆப்பில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடித்தேன், அழித்தேன், மறுபடியும் அடித்தேன். இது விரலால் தட்டி அனுப்புகிற சமாச்சாரம் இல்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இத்தனை வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன், எத்தனையோ பார்த்தவன், இனி எதற்கும் திடுக்கிட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு ஹாலிலேயே என்னைத் திடுக்கிட வைத்துவிட்டாள் உன் அம்மா.

நேற்றுச் சாயங்காலம் இன்டர்நெட் கம்பெனி ஆள் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். “சார், உங்க பையன் பூனாவுலேர்ந்து இருக்கறதுலயே பெரிய பிளான போட்டுக்கீறாரு. பழைய பெட்டிய கழட்டிட்டு இத மாட்டணும்” என்றார். நான் அவருக்கு டீ கொடுத்து, பெட்டியை அவர் பையிலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். “ஸ்பீடு ஜாஸ்தி சார். ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் கொறைக்கவே மாட்டீங்க” என்று சொல்லிப் பார்த்தார். “ஸ்பீடுல ஒரு கொறையும் இல்லப்பா. பழைய பிளானே ஓடட்டும்” என்று அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் மறுத்துவிட்டார் என்று உனக்கு மெசேஜ் வந்திருக்கும். அப்பா வழக்கம்போல் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பாய். அதில்லை. என்ன காரணம் என்று ஒழுங்காகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பூனாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவுடன் நீதான் இந்த வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுக் கொடுத்தாய். நாங்கள் பேத்தி யாழினி முகத்தை வாராவாரம் பார்க்க வேண்டும் என்றாய். அப்போது போட்டது இருப்பதிலேயே சின்ன பிளான். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் நீ கூப்பிடுவாய். அம்மா டிவி ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்து எதிரே உட்காருவாள். நான் வந்து “சாப்டியாப்பா, வேலை எப்டிப் போவுது” என்று கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். நமக்கிடையில் அவ்வளவுதான் பேச்சு என்றாகிவிட்டது, அது இருக்கட்டும். சில மாதம் நன்றாகப் போனது. நித்யா இரண்டாவது உண்டானாள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதற்கப்புறம்தான் படம் நிற்க ஆரம்பித்தது. அம்மா பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று அப்படியே நின்றுவிடுகிறாள், வாய் திறந்தபடி உறைந்துவிடுகிறாள் என்று என்னிடம் குறைப்பட்டாய். அடுத்த பிளானுக்கு மாற்றினாய். மறுபடியும் நின்றது. அதற்கும் மேலே ஒன்று போட்டாய். அப்போதும் நின்றது. இப்போது பெரிய பிளான்.

நான் படித்தவன் இல்லை, ஆனாலும் இந்த மூன்று பிளானையும் இந்த வீட்டில் உட்கார்ந்து அனுபவித்தவன். உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குச் சின்ன பிளானே தாராளம். நான் கரும்பு விவசாயம் பற்றிய வீடியோ பார்ப்பேன், கிரிக்கெட் பார்ப்பேன். அவள் விட்டுப்போன சீரியலைப் பார்ப்பாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், எதுவும் நின்றதில்லை. பிளானை ஏற்றிய பிறகு, வீடியோ கண்ணிமைக்கிற நேரம் முன்னால் திறக்கிறதோ என்று உற்று உற்றுப் பார்த்தேன். திறந்திருக்கலாம். அதற்காக மாதாமாதம் கேஸையும் கரண்ட்டையும் சேர்த்தாலும் தாண்டிப் போகிற பில்லை நீ கட்ட வேண்டியதில்லை. உன் வீடு வேறு. நீயும் நித்யாவும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து மீட்டிங் பேசுகிறீர்கள், குழந்தை ஒரு பக்கம் பாட்டுப் பார்க்கிறது. உங்களுக்கு அது வேண்டும், வைத்துக்கொள். எனக்கு உறுத்தியது என்னவென்றால், இந்த வீட்டில் வேறு எதுவும் நிற்பதில்லை, உன் அம்மா மட்டும்தான் நிற்கிறாள். அதுவும் உன்னோடு பேசும்போது மட்டும்தான் நிற்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ கூப்பிட்டாய், நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கப் பின்கட்டு வழியாகத் திரும்பி வந்தேன். சமையற்கட்டு வாசலில் நின்று பார்க்கிறேன், உன் அம்மா போனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, இமைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அவரைக்காய் உரிக்கிற கை பாதியில் நிற்கிறது. கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதையும் ஓட்டவில்லை. போனுக்குள்ளிருந்து நீ “அம்மா, அம்மா, கேக்குதா? அம்மா!” என்று கத்துகிறாய்.

தம்பி, அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். உட்கார்ந்த வாக்கில் உயிர் போய்விட்டது, பிள்ளை அங்கே கத்துகிறான், நான் இங்கே ஈரக் காலோடு நிற்கிறேன். ஓடிப்போய்த் தொட வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, கால் வரவில்லை. “ச்சே, மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு” என்று நீ சொன்னது காதில் விழுந்தது. போன் கட் ஆனது. அடுத்த நொடி உன் அம்மா கையை வீசி ஈயை ஓட்டினாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். குனிந்து மிச்ச அவரைக்காயை உரிக்க ஆரம்பித்தாள்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள். “இன்னாங்க, நனைஞ்சிகினு வந்துட்டீங்களா? குடை அங்கதான மாட்டிக்கீது” என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. என்னவென்று கேட்பது? கல்யாணமான நாளிலிருந்து கூட இருக்கிற மனுஷி, பெற்ற பிள்ளையின் முன்னால் கல் மாதிரி உட்கார்ந்து நடிக்கிறாள். இதை என் கண்ணால் பார்த்தேன் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். அவள் அசையாமல் இருந்தாளே தவிர, தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முந்தானை காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு தெளிவான படத்துக்குக் காசு கட்டிய நீ, அதைப் பார்க்கவில்லை.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டீக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் நின்றேன். பெண்டாட்டியை வேவு பார்க்கிறோமே என்று எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் நின்றேன். யாழினி பாட்டுப் பாடினால் கை தட்டுகிறாள். நித்யாவிடம் பிரசவ லேகியம் சாப்பிட்டாயா என்று விவரமாகக் கேட்கிறாள். பிறந்த பேரனைப் பக்கத்தில் காட்டினால் போனுக்கு முத்தம் கொடுக்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது. “அம்மா, நித்யாவுக்கு லீவு முடியப் போவுது. எப்ப வர்ற? டிக்கெட் போடட்டுமா?” என்று நீ கேட்டாயோ இல்லையோ, அந்த இடத்தில் நின்றுவிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே நிற்றல். நீ மூன்றாவது பிளானுக்கு மாற்றிய அன்று, கம்பெனி ஆள் ஒயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்: “ஏங்க, இன்னும் ஸ்பீடு ஏத்துனா இன்னா ஆவும்? நிக்கவே நிக்காதா?” அவள் முகத்தில் அப்படி ஒரு பயம்.

எனக்குக் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. நித்யாவுக்குத் தாய் இல்லை. அந்தப் பெண் யாரை நம்பி ஆபீசுக்குப் போகும்? பேரனைப் பார்த்துக்கொள்ள வா என்று பிள்ளை கூப்பிட்டால் பறந்து போகிற அம்மாக்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவள் போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. இன்டர்நெட் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே என்னிடம் வந்தாள். “இன்னிக்கு வெள்ளிமலைக்குப் போலாமாங்க? உங்க கண்டக்டர் வூட்டுக்கு வாங்க வாங்கன்னு கூப்டுகினே இருக்காரே” என்றாள். உனக்கே தெரியும், மலைப்பாதை என்றால் அவளுக்கு ஆகாது. இரண்டாவது வளைவிலேயே குமட்டும். நான் பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஒரே ஒரு முறைதான் மேலே வந்திருக்கிறாள். நீயும் வந்தாய் அன்றைக்கு. எஞ்சின் பெட்டி ஓரத்தில் நின்றுகொண்டு “ஏம்பா உருட்டுற, வேகமாப் போப்பா” என்று வழியெல்லாம் நச்சரித்தாய். வேகமாகப் போனால் அம்மா வாந்தி எடுப்பாளடா என்று சொன்னேன். அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து மலைக்குப் போகலாம் என்கிறாள்.

கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினோம். கோமுகி அணையைத் தாண்டி, மேடு ஏற ஆரம்பித்ததும் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு வளைவில் டவர் சுத்தமாகப் போனது. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அப்போது அவள் முகம் தெளிந்ததே, அதைப் பார்த்ததும் எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “நான் பாத்துட்டேன்” என்றேன்.

“எத?”

“நெட்டு நிக்கல. நீதான் நிக்கிற.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளிமலை வரைக்கும் அப்படியே வந்தாள். வாந்தியும் எடுக்கவில்லை. இறங்கி, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். “கண்டக்டர் வூட்டுக்கு அப்புறம் போலாம்” என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பூனாவுல நான் சாவிய உள்ள வச்சிட்டு வெளிய நின்னன்னு எல்லாரும் சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்குதா?”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உனக்கும் இருக்கும். நீ ஆபீசிலிருந்து வந்து பார்க்கும்போது, அம்மா யாழினியை மடியில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை தடவை சொன்னாலும் சாவியை எடுக்காமல் வெளியே வந்துவிடுகிறாள் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாய். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பூனாவில் இவள் கதவுக்கு வெளியே குடித்தனம் பண்ணினாள் என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தேன்.

“அன்னிக்கு நான் சாவிய மறக்கலங்க” என்றாள். “சாவிய நெனைக்கவே இல்ல. நான் சுட்டு எடுத்துகினு போன முறுக்கு தட்டுல இருந்துச்சு. கொழந்த கைய நீட்டிச்சு. பல்லு ரெண்டு மொளச்சிருந்துச்சே, சப்பித் தின்னும்னு ஓரமாக் கிள்ளி ஒரு துண்டு குடுத்தேன். இந்தக் கையாலதான் குடுத்தேன். அப்புறம் சத்தமே இல்ல. அழுவல, இருமல. வாயத் தொறந்துகினு என்னையே பாத்துச்சு. ஒதடு நாவப்பழமா ஆயிடுச்சு.”

தம்பி, நீ நித்யாவின் கையைப் பிடித்துக்கொள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கு உங்கள் வீட்டில் ஓடி விளையாடுகிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

“தூக்கிகினு வெளிய ஓடனேன். கதவு பின்னாலயே தானாச் சாத்திப் பூட்டிக்கிச்சு. எதிர் வூட்டு மணிய அடிச்சேன். பக்கத்து வூட்டு மணிய அடிச்சேன். ‘ஐயோ, யாராவது வாங்களேன்’னு கத்தனேன். ஒரு வூட்டுக்குள்ள நாய் கொலச்சிது. யாரும் வரல. லிப்டுல எதை அமுக்கறதுன்னு தெரியல. போன் உள்ள கெடக்குது, இருந்திருந்தாலும் யாரக் கூப்புடறது? தம்பி ஊருக்கு அந்தக் கடைசியில கீறான். அப்புறம் எனுக்கு இன்னா தோணிச்சோ, மொழங்கால் மேல குப்புறப் போட்டு முதுகுல அடிச்சேன். அடிச்சேன், அடிச்சேன், பச்சக் கொழந்தைய அப்டி அடிச்சேன். துண்டு வந்து தரையில வுழுந்துச்சு. அப்புறம்தான் அழுதுச்சு. அந்த அழுவ சத்தத்தக் கேட்டதும் அங்கியே உக்காந்துட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டு பெருக்குகிற பெண் ஒருத்தி மேலே வந்தாளாம். அவள் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவளுக்குப் புரியவில்லை. தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாளாம், குழந்தையின் முகத்தைப் பார்த்தாளாம். அவளுக்கு விளங்கிவிட்டது. விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நீ வருகிறவரைக்கும் உன் அம்மாவின் முதுகைத் தடவியபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். லிப்ட் திறந்து நீ வெளியே வந்ததும் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளை நீ தினமும் தாண்டிப் போகிறாய். உன் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

“அப்பவே ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தம்பி, சாவி எங்கம்மான்னு சிரிச்சான். நானும் சிரிச்சிட்டேன். அப்புறம் சொல்ல முடியல. சொன்னா, மருமவ என் கையில மறுபடியும் கொழந்தையக் குடுப்பாளா? சொல்லாத இருந்தா, சின்னதையும் என் கையில குடுத்துட்டு ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போவாங்க. அந்தக் கதவ நெனச்சாலே எனுக்கு மூச்சு முட்டுதுங்க. நான் எதச் சொல்லட்டும்? பெத்த புள்ள வான்னு கூப்புடறான், மாட்டேன்னு எந்த வாயால சொல்லட்டும்? மொத தடவ நெசமாவே எனுக்கு வாய் வராமதான் அப்டியே நின்னுட்டேன். அவன் நெட்டுன்னு நெனச்சிகினு வச்சிட்டான். சரி, இப்டியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. வேறு டீ சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. இவள் என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள்; நான் டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்து வீட்டிலும் சொல்லிச் சிரித்தபோது, எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இவளும் சிரித்தாள். சிரித்தாள், தம்பி! அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. கண்டக்டர் வீட்டுக்குப் போனோம், சாமைச் சோறு போட்டார்கள், சாப்பிட்டோம். என்ன பேசினேன் என்று ஒன்றும் நினைவில்லை. திரும்பி வரும்போது கீழ் வளைவு வந்ததும் டவர் கிடைத்து, அவள் பையிலிருந்த போன் சத்தம் போட்டது. நீ விடாமல் கூப்பிட்டிருக்கிறாய். இரண்டு பேரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தோம். அன்று நீ போட்ட மெசேஜ்தான், ‘பெரிய பிளான் போட்டுட்டேன், இனிமே பிரச்சினை இருக்காது’ என்பது.

அந்தப் பெட்டி திரும்பிப் போன பிறகு, நேற்று அவளிடம் சொன்னேன்: இதை நான் தம்பிக்கு எழுதப் போகிறேன் என்று. வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: “எழுதுங்க. ஆனா நான் கொழந்தைய கவனிக்காத தூங்கிட்டு இருந்தேன்னு அவங்க நெனச்சிடாத மாதிரி எழுதுங்க.” அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன். நித்யா, நீயும் படிக்கிறாய் அல்லவா, உன்னிடமும் சொல்கிறேன். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேட்டேன். அந்த வயசுக் குழந்தைக்கு முறுக்கு கொடுத்தது தப்பு, முதுகில் தட்டியது சரி என்றார். அவள் தப்பும் பண்ணியிருக்கிறாள், உயிரையும் மீட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துதான் நீ அவளைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வழி சொல்லாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. லீவு முடிகிற நாள் நெருங்குகிறது, பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டே ஆக வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆபீசுக்குப் பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாமே, அதை நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கொஞ்ச மாதம் நித்யாவும் குழந்தைகளும் இங்கே வந்து, அவள் இங்கிருந்தே வேலை பார்க்கட்டும். அப்படி வந்தால் நானே கம்பெனிக்குப் போன் பண்ணி எவ்வளவு பெரிய பிளானானாலும் போடச் சொல்கிறேன், அப்போது அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. அதுவும் முடியாது என்றால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம். இதுவரைக்கும் நீ என்னைக் கூப்பிட்டதில்லை. அவள் அங்கே இருந்தபோது, நான் இங்கே தனியாக என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்டதுமில்லை. குழந்தை தூக்க எனக்கும் கை இருக்கிறது. ஆனால் அவள் மனசு வைத்தால்தான் வருவோம். வர மாட்டேன் என்று அவள் சொன்னால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள். நம் வீட்டில் நாம் அவளிடம் கேட்டதெல்லாம், சரி என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்விகள்தான். டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாயே, வர்றியா என்று கேட்டாயா?

இதை எழுதி முடித்துக் கவரில் போட நினைத்தபோது, உள்ளே உன் அம்மாவின் குரல் கேட்டது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. எட்டிப் பார்த்தேன். வீடியோ இல்லை, சாதாரணப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள். “ஆபீசுல கீறியாப்பா? வெளிய வா. ஒண்ணு சொல்லணும்” என்றாள். அப்புறம், “நான் வரலப்பா” என்றாள். அவ்வளவு மெதுவாக இல்லை, எனக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். நீ ஏதோ கேட்டிருக்கிறாய். “இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அப்பாவும் ஒண்ணும் சொல்லல. நானேதான் சொல்றேன்... அன்னிக்கு சாவி சமாச்சாரம் இல்லப்பா அது” என்று ஆரம்பித்தாள். நான் எழுதியதைவிடச் சின்னதாகச் சொன்னாள். முறுக்கை மறைக்கவில்லை. கதவை மறைக்கவில்லை. பெருக்குகிற பெண்ணையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு நின்றாள்.

ஆகையால் இது உன் கைக்கு வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் அனுப்புகிறேன், நித்யா படிக்க வேண்டும். இப்போது, இந்தக் கடைசி வரிகளை நான் நின்றுகொண்டே எழுதும்போது, அவள் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேசவும் இல்லை. அந்தப் பக்கம் நீ பேசுகிற சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரமாக அப்படியே நிற்கிறாள்.

“இன்னா, லைன் போயிடுச்சா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “இருக்கான்” என்றாள்.